நெத்தலி

ஒல்லியாக இருந்ததால்
நெத்தலி என்று பேர் வைத்தேன்.
தடித்த வகைக்குப் பாரை.
இரண்டும் சேர்த்து வாங்கினால் ஐந்து டாலர் தள்ளுபடி.

டூங்காபியில் வாடகை வீடு.
துணி காயப்போடும் அறையில் மேசை.
இரண்டு ஜூன், இரண்டு ஜூலை
ஈரச் சட்டைகளின் கீழே உட்கார்ந்து வரைந்தேன்.
கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால்.
கூ தன் வாலை எங்கே விடவேண்டும் என்பதற்கே
ஒரு வாரம் போனது.

கடை விரிக்கும் முன்
ங் மேல் இருக்கும் புள்ளியை மட்டும்
மயிரிழை இடப்பக்கம் தள்ளிவைத்தேன்.
பிள்ளையின் கன்னத்தில் வைக்கிற மைதான்;
கண்ணேறு கழிக்க அல்ல,
காணாமல் போனால் அங்க அடையாளம் சொல்ல.

பதினோரு மாதத்தில் நாற்பத்து மூன்று பேர் வாங்கினார்கள்.

பிறகு வென்ட்வொர்த்வில் மண்டப வாசலில்
மங்கள நீராட்டு விழா என்றது பதாகை.
புள்ளி இடப்பக்கம்.
டொரண்டோவில் யாரோ
பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்.
புள்ளி இடப்பக்கம்.
வீடு வாங்க, விற்க.
ஆழ்ந்த இரங்கல்.
இரங்கலிலும் புள்ளியைத்தான் முதலில் பார்த்தேன்,
செத்தவர் முகத்தை அப்புறம்.

இருநூறு எழுத்துருக்கள் இலவசம் என்ற மூட்டையில்
அது கிடந்தது.
பேரை மாற்றியிருந்தார்கள்:
ரோஜா 14.

பாரமாட்டாவில் வக்கீல் ஹாலோரனுக்கு
ஆறு நிமிடம் ஒரு அலகு.
எழுத்தின் உருவம் ஒரு கேள்வி,
அதைத் தாங்கும் கோப்பு இன்னொரு கேள்வி என்றார்.
காகிதத்தில் வரைந்த முதல் படிகள் இருக்கிறதா,
தேதி போட்டிருக்கிறாயா,
பேரைப் பதிந்தாயா.
நெத்தலி என்றால் என்ன என்று கேட்டார்.
மீன் என்று சொல்லி
ஓர் அலகைச் செலவழித்தேன்.

அகற்றக் கோரும் படிவத்தில்
கடைசிப் பெட்டி ஒன்று:
இது முழுக்க என் சொந்த ஆக்கம் என
உறுதி கூறுகிறேன்.

விரல் போய், நின்றது.

பெண்டில் ஹில் மளிகைக்கடை.
வாழைக்காய் பெட்டியில் செருகிய அட்டை.
கல்லாவில் இருக்கும் சியாமளகௌரி
நீல மார்க்கரில் எழுதிய ழ.
கீழே இறங்கி, யோசித்து,
யாரோ கூப்பிட்டது போலத் திரும்பும் வளைவு.
செய்தி பார்க்கிற பாவனையில்
அதைப் படம் எடுத்தவள் நான்.
என் ழ அதுதான்.
காசு தந்த நாற்பத்து மூன்று பேருக்கும்
நான் விற்றது அதைத்தான்.

சனிக்கிழமை போனேன்.
அட்டைகள் எல்லாம் அச்சில் இருந்தன.
முருங்கைக்காய், புள்ளி இடப்பக்கம்.
இஞ்சிக்கு அந்தத் தொல்லை இல்லை.
வாழைக்காய்.

'தம்பி எங்கேயோ சும்மா எடுத்துத் தந்தவன்' என்றாள்.
'வடிவா இருக்கு, என்ன?
அந்த ழானாவைப் பாருங்கோ,
அசல் என்ட கையெழுத்து மாதிரியே.'

ஓம் என்று என் வாயில் வந்துவிட்டது,
அவள் ஊர்ப் பேச்சு.
அதையும் எடுத்துக்கொண்டேன் போல.
இரண்டு வாழைக்காய்.
சில்லறையை எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்தால்
நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்
என்றது படிவம்.
தொடங்கவில்லை.
நெத்தலியைத் திறந்தேன்.
கோப்பின் அடிவயிற்றில்
வடிவமைப்பாளர் என்றொரு கட்டம் இருக்கிறது,
யாரும் போய்ப் பார்ப்பதில்லை.
அங்கே என் பேருக்குப் பின்னால்
ஒரு காற்புள்ளி வைத்தேன்.

மூன்று நாளாகிறது.
அதற்கு மேல் இன்னும் எழுதவில்லை.